மோலைக் கிராமாக்க எந்தச் செயல்முறை? நான்காம் படிவத்துக்கு நான்கு வழிகள்

மலேசியப் பள்ளியின் நான்காம் படிவ வேதியியலில் மோல் (அணு, மூலக்கூறுகளை எண்ணும் அலகு) பாடம் தொடங்கிவிட்டால் எனக்கு வரும் கேள்விகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். போன வாரம் கேட்டவர், சுங்கை சிப்புட்டில் வீட்டிலேயே டியூஷன் நடத்தும் ஒரு டீச்சர். "பன்னிரண்டு பிள்ளைகள், ஒரே ஒரு தராசு, சனிக்கிழமை ஒன்றரை மணி நேரம். பருப்பு எண்ண வைக்கலாமா, சமையல் சோடாவும் சூக்காவும் (புளிக்காடி, அதாவது வினிகர்) கலக்கலாமா? எதைச் செய்தால் பிள்ளைக்கு மண்டையில் ஏறும்?"

கேள்வி எனக்கு நன்றாகவே புரிகிறது. இந்தப் பிள்ளைகளில் பலர் தமிழ்ப்பள்ளியில் அறிவியலைத் தமிழில் படித்துவிட்டு, இடைநிலைப்பள்ளியில் அதை மலாயில் படிப்பவர்கள். "ஜிசிம்" (நிறை), "பிலாங்கான் மோல்" (மோல் எண்ணிக்கை) என்று சொல்லிக்கொண்டே கணக்குப் போடுவார்கள். விடையும் சில நேரம் சரியாக வரும். ஆனால் 1 மோல் சீனி கையில் எவ்வளவு கனக்கும் என்று கேட்டால் பதில் வராது. அந்தக் கனத்தைக் காட்டத்தான் செயல்முறை.

நான் மாற்றி மாற்றிச் செய்து பார்த்த நான்கு வழிகளை இங்கே எடைபோடுகிறேன். முதலில் எதை வைத்து எடைபோடுவது என்று பார்ப்போம்.

முதலில் பிள்ளையின் நோட்டைத் திறந்து பாருங்கள்

செலவையும் நேரத்தையும் பிறகு பார்க்கலாம். பிள்ளைகள் எந்த இடத்தில் தப்புச் செய்கிறார்கள் என்பதுதான் முதல் அளவுகோல். மோல் பாடத்தில் நான் திரும்பத் திரும்பத் திருத்தும் தப்புகள் நான்கு.

முதல் தப்பு, பெருக்குவதா வகுப்பதா என்ற குழப்பம். "0.5 மோல் நீர் எத்தனை கிராம்?" என்ற கேள்விக்கு 0.5-ஐ 18-ஆல் (1 மோல் நீர் 18 கிராம்) வகுத்து 0.028 கிராம் என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். 0.028 கிராம் என்பது ஒரு சிறு துளி என்ற நினைப்பே அவர்களுக்கு வருவதில்லை. சரியான விடை 9 கிராம்.

இரண்டாவது, மோல் என்பதையே ஒரு வகை எடை என்று நினைப்பது. "எல்லாமே 1 மோல்தானே, எடையும் ஒன்றாகத்தானே இருக்கும்?" என்று கெட்டிக்காரப் பிள்ளைகள்கூடக் கேட்பதுண்டு. மோல் ஓர் எண்ணிக்கை. 2019 மே 20 முதல் அனைத்துலக அலகு முறையே அதை நேரடியாக எண்ணிக்கையாகத்தான் சொல்கிறது: 1 மோல் என்றால் சரியாக 6.02214076 × 10²³ துகள்கள். அதற்கு முன்பு 12 கிராம் கார்பன்-12-இல் உள்ள அணுக்களின் எண்ணிக்கையைக் கொண்டு வரையறுத்தார்கள். பழைய குறிப்புப் புத்தகத்தில் அந்தக் 'கிராம்' என்ற சொல்லைப் பார்க்கும் பிள்ளை குழம்புவதில் வியப்பில்லை.

மூன்றாவது, மோலார் நிறையையே, அதாவது 1 மோலுக்கு எத்தனை கிராம் என்பதையே, தப்பாகக் கூட்டுவது. மெக்னீசியம் நைட்ரேட்டில் அடைப்புக்குறிக்கு வெளியே நிற்கும் 2-ஐ மறந்துவிட்டு, 148 வர வேண்டிய இடத்தில் 86 என்று எழுதுவார்கள். இதற்குச் செயல்முறையால் பெரிய உதவி கிடைக்காது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பயிற்சிதான் மருந்து.

நான்காவது, சமன்பாட்டில் உள்ள எண்களைக் கிராமாக எடுத்துக்கொள்வது. "2 மோலுக்கு 1 மோல்" என்றிருந்தால் "2 கிராமுக்கு 1 கிராம்" என்று போட்டுவிடுவார்கள். எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு) தாளில் நான் பார்த்தவரை அதிகம் அடிவாங்கும் இடம் இதுதான்.

அப்புறம் தராசு

இரண்டாவது அளவுகோலாகத் தராசைச் சொல்வேன். அதைப் பலர் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். சமையலறை மின்தராசு பெரும்பாலும் முழுக் கிராமாகத்தான் காட்டும். அதில் 4 கிராம் நிறுத்தால் அது 3.5-ஆகவும் இருக்கலாம், 4.4-ஆகவும் இருக்கலாம். அதே தராசில் 342 கிராம் சீனியை நிறுத்தால் அரைக் கிராம் தப்பு ஒரு பொருட்டே இல்லை. ஆகவே கையில் இருக்கும் தராசு எது என்பதே பாதித் தேர்வை முடித்துவிடும். 0.1 அல்லது 0.01 கிராம் காட்டும் சின்னப் பாக்கெட் தராசை இணையக் கடைகளில் வாங்கலாம், விலை பெரிதில்லை. ஆனால் வாங்கும்போது அது அதிகபட்சம் எவ்வளவு தாங்கும் என்று பாருங்கள். பல தராசுகள் 200 கிராமோடு நின்றுவிடும்.

மற்றவை நேரம், பொருள் செலவு, எத்தனை பிள்ளைகள் ஒரே சமயத்தில் கை வைக்க முடியும் என்பவை. ஒரு பார்வைக்கு:

| செயல்முறை | எந்தத் தப்புக்கு நல்லது | தேவையான தராசு | நேரம் | மறைவான செலவு |
|---|---|---|---|---|
| பருப்பு எண்ணுதல் | மோல் ஓர் எண்ணிக்கை என்பது | 1 கிராம் (பெரிய பருப்புக்கு) | 1 மணி | எண்ணுவதிலேயே நேரம் கரைவது |
| ஒரு மோல் டப்பா | பெருக்கலா வகுத்தலா | 1 கிராம் போதும் | 45 நிமிடம் | வேடிக்கைப் பொருளாகிவிடுவது |
| ஒரு வாய் தண்ணீர் | கிராமிலிருந்து மோல், துகள் | 1 கிராம் | 15 நிமிடம் | ஒரே பக்கக் கணக்கு |
| சோடாவும் புளிக்காடியும் | சமன்பாட்டுக் கணக்கு | 0.1 கிராம் அல்லது நுண்மையானது | 1 மணிக்கு மேல் | தயாரிப்பு, தவறும் அளவுகள் |

பருப்பு எண்ணுதல், அதாவது குலைக் கணக்கு

இந்தச் செயல்முறையைப் பல நாடுகளிலும் செய்கிறார்கள். 50 விதை சேர்ந்தால் ஒரு 'கூட்டம்' என்று வைத்துக்கொண்டு, கொண்டைக்கடலை, நிலக்கடலை, பச்சைப் பயறு ஒவ்வொன்றிலும் ஒரு கூட்டத்தை எண்ணி நிறுக்க வேண்டும். எண்ணிக்கை ஒன்று, எடை வேறு வேறு. பிறகு எண்ணாத ஒரு பை கடலையைக் கொடுத்து, நிறுத்து மட்டும் எத்தனை கூட்டம் என்று சொல்லச் சொல்லலாம். திருப்பியும் கேட்கலாம்: "எண்ணாமல் இரண்டரைக் கூட்டம் எடுத்துக் கொடு."

ஆனால் நம் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல கதை வாசலிலேயே இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு பையன் சொன்னான்: "டீச்சர், தாத்தா குலையை எண்ணுவாராம். மில்லுல டன்னுலதான் எழுதுவாங்களாம். அப்ப யாரு கணக்கு சரி?" இரண்டும் சரிதான். செம்பனைத் தோட்டத்தில் வெட்டிய குலைகளை எண்ணிக் கணக்கு வைப்பார்கள், ஆலையில் லோரியோடு நிறுப்பார்கள். இந்த இரண்டையும் இணைப்பது சராசரிக் குலை எடை. மோலார் நிறை செய்யும் வேலையும் அதேதான்.

இதைப் பலகையில் எழுதிக் காட்டுகிறேன். முதிர்ந்த மரத்துக் குலை சராசரி 20 கிலோ என்று வைத்துக்கொண்டால் 300 குலை 6 டன். இளமரத்துக் குலை 5 கிலோ என்றால் அதே 300 குலை ஒன்றரை டன்தான். சரி, 2 டன் இளமரக் குலை ஆலைக்குப் போனால் எத்தனை குலை? 2000-ஐ 5-ஆல் வகுத்து 400 என்று உடனே சொல்வார்கள். யாரும் பெருக்குவதில்லை, 10,000 குலை ஒரு லோரியில் ஏறாது என்று அவர்களுக்குத் தெரியும். குலைக்குப் பதில் மோல், 5 கிலோவுக்குப் பதில் 18 கிராம் என்று மாற்றி எழுதினால் கணக்கு அதே கணக்கு.

இப்போது அறுவடையில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள்தான் அதிகம். பிள்ளைகளின் குடும்பங்களும் தாமான் (வீடமைப்புப் பகுதி) பக்கம் குடியேறிவிட்டன. இருந்தாலும் தோட்டத்து லயத்து (வரிசை வீடுகள்) நினைவு இன்னும் அறுந்துபோகவில்லை. குலை என்றால் என்ன என்று நான் இதுவரை எந்தப் பிள்ளைக்கும் விளக்க வேண்டி வந்ததில்லை.

பருப்புக்கு உள்ள தனிப்பெருமை, விடையை எண்ணிச் சரிபார்க்க முடிவது. தராசு '3.2 கூட்டம்' என்று காட்டினால் பையைக் கொட்டி 160 இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். அணுக்களை இப்படி எண்ண முடியாது. அந்த நம்பிக்கையைக் கடலையிலிருந்துதான் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

இனி மறைவான செலவு. 50 பச்சைப் பயறு மூன்று கிராம் அளவில்தான் இருக்கும், சமையலறைத் தராசில் அது விளையாட்டுக் காட்டும். அந்தத் தராசுதான் இருக்கிறது என்றால் நிலக்கடலையும் கொண்டைக்கடலையும் மட்டும் போதும். விதைகள் ஒரே அளவில் இருக்காது, அதனால் விடை இரண்டு மூன்று விதை தள்ளித்தான் வரும். ஒரு பொருளின் மூலக்கூறுகளை ஒரே அளவாக எடுத்துக்கொண்டு கணக்கிடலாம், விதைகளை அப்படி எடுத்துக்கொள்ள முடியாது என்பதை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். சாப்பாட்டுப் பொருளைச் சிந்தி விளையாடுவது சில வீடுகளில் பிடிக்காது. அது நியாயமான வருத்தம். நான் சுத்தமான தட்டில் வைத்துத்தான் எண்ண வைப்பேன். வகுப்பு முடிந்ததும் கழுவி ஊறவைத்து மறுநாள் சுண்டல் ஆகிவிடும்.

மோல் என்ற சொல்லையே முதல் முறை கேட்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. பாடத்தைப் பாதி தாண்டிவிட்ட பிள்ளைகளுக்கு இதைச் செய்தால் "இது தெரியும் டீச்சர்" என்று சலித்துக்கொள்வார்கள். அவர்கள் சொல்வது சரிதான்.

ஒரு மோல் டப்பா

வெறும் டப்பாக்கள், வீட்டுச் சாமான்கள், ஒரு தராசு. ஒவ்வொரு குழுவும் ஒரு பொருளின் மோலார் நிறையைக் கணக்கிட்டு, சரியாக 1 மோல் நிறுத்து டப்பாவில் போட வேண்டும். நீர் 18 கிராம். அலுமினியத் தாள் 27. இரும்பு ஆணி 56. உப்பு 58.5. சமையல் சோடா 84. சீனி 342. டப்பாக்களை வரிசையாக வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

நீர் டப்பாவில் ஒரு மேசைக்கரண்டிக்குக் கொஞ்சம் கூட. சீனி டப்பா கிட்டத்தட்ட ஒரு கிலோவில் மூன்றில் ஒரு பங்கு. இரண்டிலும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை ஒன்றே என்று சொல்லும்போது வகுப்பில் ஒரு நிமிடம் பேச்சே இருக்காது. "எப்படி டீச்சர்?" என்ற கேள்வி தானாக வரும். ஒரு சீனி மூலக்கூறு ஒரு நீர் மூலக்கூறைவிட 19 மடங்கு கனம், ஆகவே சம எண்ணிக்கை எடுத்தால் எடையும் 19 மடங்கு. குலைக் கணக்குச் செய்த பிள்ளைகள் இதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

பெருக்கலா வகுத்தலா என்ற தப்புக்கு நான் கண்ட மிக நல்ல வழி இந்த டப்பாதான். "அரை மோல் சீனி எடு" என்றால் டப்பாவில் பாதியைக் கொட்டுவார்கள், 171 கிராம். கை செய்ததை நோட்டில் எழுதினால் 0.5 × 342. "117 கிராம் உப்பு எத்தனை மோல்?" என்றால் இரண்டு டப்பாவை எடுத்து வைப்பார்கள். இப்படி நாலைந்து முறை செய்த பிள்ளை 0.5 மோல் நீருக்கு 0.028 கிராம் என்று எழுதும்போது பேனாவை நிறுத்திவிடும்.

கவனிக்க வேண்டியவை சில உண்டு. டப்பாவை நீங்களே நிரப்பிக்கொண்டு போனால் அது கண்காட்சிப் பொருளாகிவிடும், பிள்ளைகள் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். கணக்கிட்டதும் நிறுத்ததும் அவர்கள் கையாக இருக்க வேண்டும். உப்பு நம் ஊர் ஈரக் காற்றில் நீரை இழுத்துக் கனக்கும், மூடி இறுக்கமாக இருக்கட்டும். சீனிக்கு எறும்பு வரும். உப்பில் தனித்தனி மூலக்கூறுகள் இல்லை, ஒரு மோல் சோடியம் அயனியும் ஒரு மோல் குளோரைடு அயனியும் இருக்கின்றன என்பதையும் அங்கேயே சொல்லிவிட்டால் பின்னால் குழப்பம் வராது.

வாயுவை டப்பாவில் அடைக்க முடியாது என்பது இதன் குறை. அதற்கு ஓர் அட்டைப்பெட்டி போதும். நீளம், அகலம், உயரம் மூன்றும் 29 செ.மீ. இருந்தால் அது ஏறத்தாழ 24 லிட்டர். அறை நிலையில் எந்த வாயுவின் 1 மோலுக்கும் பள்ளிக் கணக்கில் எடுக்கும் கனஅளவு அதுதான். பெட்டியை மேசையில் வைத்துவிட்டு, பக்கத்தில் நீர் டப்பாவை வையுங்கள். வேறு விளக்கம் தேவைப்படாது.

ஒரு வாய் தண்ணீர்

பதினைந்து நிமிடம்தான் இருக்கிறது, பொருள் வாங்கவும் நேரமில்லை என்றால் இதைச் செய்யுங்கள். அவரவர் குவளையில் நீரை நிறுத்து, ஒரு வாய் குடித்துவிட்டு, மறுபடி நிறுக்க வேண்டும். 27 கிராம் குறைந்திருந்தால் 27-ஐ 18-ஆல் வகுத்து 1.5 மோல். அதை 6.02 × 10²³-ஆல் பெருக்கினால் 9.03 × 10²³ மூலக்கூறுகள். "நான் ஒரு மடக்கில் இத்தனையா குடித்தேன்?" என்ற ஆச்சரியத்தோடு பிள்ளைகள் வீட்டுக்குப் போவார்கள்.

செலவு ஒன்றுமில்லை, 1 கிராம் தராசே போதும், எல்லாப் பிள்ளைகளும் செய்துவிடலாம். ஆனால் கணக்கு கிராமிலிருந்து மோலுக்கு ஒரே திசையில்தான் ஓடுகிறது, பொருளும் ஒன்றே. 18-ஆல் வகுப்பதை மனப்பாடம் செய்துவிட்டு வேறு பொருளுக்கும் அதையே செய்யும் பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே வேறொன்றுக்குத் துணையாக இதை வைத்துக்கொள்ளுங்கள். இதே வகையில் சுண்ணக்கட்டியால் பெயர் எழுதி எடை குறைவதைப் பார்க்கும் வழியும் உண்டு. குறைவது மிகச் சிறிய அளவு, நுண்மையான தராசு வேண்டும். தவிர, சில சுண்ணக்கட்டி கால்சியம் கார்பனேட், சில ஜிப்சம். எது என்று தெரியாமல் மோலார் நிறை போட முடியாது.

சோடாவும் புளிக்காடியும்

நான்கில் உண்மையான வேதிவினை இது ஒன்றுதான். 1 மோல் சமையல் சோடா, 1 மோல் அசெட்டிக் அமிலத்தோடு சேர்ந்தால் 1 மோல் கார்பன் டைஆக்சைடு வரும். ஒன்றுக்கு ஒன்று என்பதால் கணக்கு எளிது.

நான் எடுக்கும் அளவு 4.2 கிராம் சோடா, அதாவது 0.05 மோல். அதற்குத் தேவையான அமிலம் 3 கிராம். புளிக்காடிப் போத்தலில் 5 விழுக்காடு என்று போட்டிருந்தால் 60 மி.லி., 4 விழுக்காடு என்றால் 75 மி.லி. லேபிளைப் பார்த்து, கொஞ்சம் கூடவே ஊற்றுங்கள். வெளியேற வேண்டிய வாயு 0.05 × 44, அதாவது 2.2 கிராம். பெரிய பிளாஸ்டிக் குவளையில் திறந்தபடி செய்து முன்னும் பின்னும் நிறுத்தால் எடை குறைவதைப் பார்க்கலாம்.

2.2 அப்படியே வராது, அதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் காட்டும். கொஞ்சம் வாயு திரவத்தில் கரைந்து நிற்கும், கொஞ்சம் காற்றைவிடக் கனமாக இருப்பதால் குவளைக்குள்ளேயே தங்கும். குவளையை மெதுவாகக் கலக்கி, அதன் வாய்ப்பக்கம் விசிறிவிட்டு நிறுத்தால் விடை நெருங்கி வரும். ஏன் குறைந்தது என்று பிள்ளைகளை யோசிக்க விடுங்கள். இந்த வினையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி அதுதான்.

பலூன் வைத்துச் செய்வதும் உண்டு. 0.05 மோல் வாயு அறை நிலையில் 1.2 லிட்டர், உருண்டையான பலூன் என்றால் சுற்றளவு சுமார் 41 செ.மீ. நூல் சுற்றி அளக்கலாம். "1.2 லிட்டர் பலூனுக்கு எத்தனை கிராம் சோடா வேண்டும்?" என்று தலைகீழாகக் கேட்டால் கனஅளவு, மோல், கிராம் என்று மூன்று படியும் வந்துவிடும். பரீட்சைத் தாளின் கேள்வி அப்படியே இதுதான்.

இதில் ஓர் இடத்தில் பல ஆசிரியர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். பலூனை மாட்டி மூடிய போத்தலைத் தராசில் வைத்து "எடை மாறாது, பார்" என்று சொல்வார்கள். தராசு ஒரு கிராமுக்கு மேல் குறைவாகக் காட்டும். வாயு எங்கும் கசியவில்லை. ஊதிய பலூன் 1.2 லிட்டர் காற்றை விலக்குகிறது, அந்தக் காற்றின் எடை சுமார் 1.4 கிராம், அந்த அளவுக்குக் காற்று பலூனை மேலே தூக்குகிறது. தெரியாமல் போய் நின்றால் பிள்ளைகள் முன் பதில் சொல்ல முடியாமல் திணற வேண்டிவரும். எடை பார்க்கத் திறந்த குவளை, கனஅளவு பார்க்கப் பலூன் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

மற்ற மறைவான செலவுகளும் இதில்தான் அதிகம். 0.1 கிராம் தராசு கட்டாயம். குவளை, காடி, சோடா எல்லாம் சேர்ந்து தராசின் உச்ச அளவைத் தாண்டக் கூடாது. கடையில் சோடியம் பைகார்பனேட் என்று பார்த்து வாங்குங்கள், பேக்கிங் பவுடரில் மாவும் வேறு அமில உப்பும் கலந்திருக்கும். ஒரு வருடம் நான் அவசரத்தில் அதை வாங்கி வந்து, ஒரு நாள் வகுப்பு முழுவதும் எந்தக் குழுவுக்கும் விடை வரவில்லை. பிள்ளைகள் தங்கள் கணக்குத்தான் தப்பு என்று நினைத்து அழித்து அழித்து எழுதினார்கள். அந்த நோட்டுகளை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கனக்கிறது. ஆகவே வகுப்புக்கு முந்தின நாள் வீட்டில் ஒரு முறை செய்து பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: மோலைக் கிராமாக்கவே தடுமாறும் பிள்ளைக்கு இதை முதலில் செய்யாதீர்கள். நுரை பொங்குவதைப் பார்த்து மகிழும், கணக்கு அப்படியே நிற்கும். மாற்றத் தெரிந்து, சமன்பாட்டில் தடுமாறும் பிள்ளைக்கு இதைவிட நல்லது இல்லை. பள்ளி ஆய்வகத்தில் மெக்னீசியம் நாடாவை மூசையில் (சூடு தாங்கும் சிறு கிண்ணம்) எரித்துச் செய்யும் சோதனை இதன் அண்ணன் மாதிரி. அதைப் பள்ளிக்கே விட்டுவிடுங்கள், வீட்டு டியூஷனில் வேண்டாம்.

பயிற்சித்தாள் மட்டும் போதாதா?

போதும் என்று சொல்லும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். முக்கோணம் வரைந்து, மேலே நிறை, கீழே மோல், மோலார் நிறை என்று போட்டு, விரலால் மறைத்து விடை எடுப்பது வேகமான வழிதான். பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது நானும் அதைச் செய்வேன். ஆனால் முக்கோணத்தைத் தலைகீழாக நினைவில் வைத்திருக்கும் பிள்ளைக்குத் தன் விடை தப்பு என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. டப்பாவைத் தூக்கிய பிள்ளைக்கு இருக்கிறது.

கேட்ட டீச்சருக்கு

உங்கள் பிள்ளைகளின் நோட்டில் பெருக்கல்-வகுத்தல் தப்புதான் அதிகம் என்று சொன்னீர்கள், தராசும் சமையலறைத் தராசு. ஆகவே இந்தச் சனிக்கிழமை டப்பா. குலைக் கணக்கைப் பலகையில் பத்து நிமிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள், பருப்பு எண்ண வேண்டாம். பன்னிரண்டு பேரை நான்கு குழுவாக்கி நீர், உப்பு, சோடா, சீனி என்று பிரித்துக் கொடுங்கள். ஒரே தராசு என்பதால் ஒரு குழு நிறுக்கும்போது மற்ற மூன்றும் மோலார் நிறையைக் கணக்கிட்டுக்கொண்டிருக்கட்டும். கணக்கைக் காட்டாத குழுவுக்குத் தராசு இல்லை. கடைசிப் பதினைந்து நிமிடம் ஒரு வாய் தண்ணீர்.

சோடாவையும் காடியையும் மூன்று வாரம் தள்ளி வையுங்கள். அதற்குள் 0.1 கிராம் தராசு ஒன்று வாங்கிவிடலாம், இல்லாவிட்டால் பக்கத்து டியூஷனில் இரவல் கேளுங்கள். பேட்டரி தேய்ந்த தராசு எண்ணை மாற்றி மாற்றிக் காட்டும். வெள்ளிக்கிழமை இரவே அதையும் பார்த்துவிடுங்கள்.